வெயில் குடித்ததும் மண் குடித்ததும்: ஒரு மிச்சக் கணக்கு

சென்ற குறுவையில் எங்கள் வயலின் நடுவே ஒரு மூங்கில் முளையை அடித்து, அதில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலைக் கம்பியால் கட்டி வைத்தேன். மடையை அடைத்து, மோட்டாரையும் நிறுத்தி, மழையும் பெய்யாத மூன்று நாட்களில் தேங்கியிருந்த நீர் 33 மி.மீ. இறங்கியது. நாளொன்றுக்கு 11 மி.மீ. பெரியப்பாவிடம் சொன்னேன். "வெயில் குடிச்சது பாதி, மண்ணு குடிச்சது பாதி" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தப் பாதி சரியான பாதிதானா என்று பார்க்கப் போய்த்தான் செயற்கைக்கோள் தரவுகளுக்குள் விழுந்தேன். ஏறக்குறைய ஓர் ஆண்டாக விடுமுறை நாட்களில் செய்த வேலையின் குறிப்பு இது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. நீர் என்பது ஒரு லிட்டர். ஏக்கருக்கு 4,047 லிட்டர். காவிரி டெல்டாவில், வலங்கைமான் பக்கம் குடமுருட்டிப் பாசனத்தில் எங்களுக்கு இருப்பது ஒன்பது மா, அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர். ஆகவே எங்கள் வயலில் 1 மி.மீ. இறங்கினால் 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்று காலியானதாகப் பொருள். நாளொன்றுக்குப் பதினோரு லாரிகள் போய்க்கொண்டிருந்தன, அவற்றில் எத்தனை வானத்துக்குப் போயின, எத்தனை பூமிக்குள் போயின என்பதுதான் கேள்வி.

வானத்துக்குப் போவது இரண்டு வழிகளில் நடக்கிறது. தேங்கிய நீரிலிருந்து நேராக எழுவது ஆவியாதல். வேர் உறிஞ்சி இலைத்துளைகளின் வழியே வெளிவிடுவது நீராவிப்போக்கு. நடவு முடிந்த முதல் வாரங்களில் முன்னதன் பங்கு அதிகம், தூர் கட்டி இலை மூடிய பிறகு பின்னதன் பங்கு அதிகம். மேலிருந்து பார்க்கும் கருவிக்கு இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று என்பதால் கணக்கில் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படியே செய்கிறேன்.

நீர் எதனால் எழுகிறது? ஒரு கிலோ நீர் ஆவியாக வேண்டுமானால் ஏறக்குறைய 2.45 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். அதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஆகவே வயலுக்கு வந்த வெயிலை மெகாஜூலில் தெரிந்துகொண்டால், அது அதிகபட்சம் எவ்வளவு நீரைத் தூக்கியிருக்க முடியும் என்பதை வகுத்துச் சொல்லிவிடலாம். ஆவணி மாதத்தில் ஒரு நாள் சதுர மீட்டருக்கு 20 மெகாஜூல் வெயில் விழுகிறது என்று கொள்வோம். பயிர் சுமார் 23 விழுக்காட்டை எதிரொளித்துவிடுகிறது, மீதம் 15.4. நிலம் தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் திருப்பி அனுப்புவதில் இன்னும் 3.5 போகிறது. கையில் நிற்பது 12க்குச் சற்றுக் குறைவு. அதை 2.45ஆல் வகுத்தால் 5 மி.மீ.க்கு மிக அருகில் வருகிறது. பெரியப்பாவின் "பாதி" அவ்வளவு மோசமான மதிப்பீடு இல்லை என்பது அந்த முதல் வகுத்தலிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் மீதிப் பாதியைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்தப் பாதியை இன்னும் துல்லியமாகப் பிடிக்க வேண்டும்.

வெயிலை அளப்பதற்குச் செயற்கைக்கோள் வருவதற்கு முன்னால் வானிலை நிலையங்களில் இருந்த கருவி அழகானது. ஒரு கண்ணாடிப் பந்து, அதன் பின்னால் வளைத்துச் செருகிய ஓர் அட்டை. வெயில் அடிக்கும் நேரமெல்லாம் பந்து ஒளியைக் குவித்து அட்டையில் ஒரு கருகல் கோட்டை வரைந்துகொண்டே போகும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துவிடும். மாலையில் கருகலின் நீளத்தைக் கொண்டு எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று சொல்வார்கள். அந்த மணிக்கணக்கிலிருந்து ஆற்றலைப் பெறும் சூத்திரத்தை 1924இல் ஆங்ஸ்ட்ராம் தந்தார். உள்ளூர் அளவீடு இல்லாத இடங்களில் இன்றும் அதைத்தான் இப்படிப் பயன்படுத்துகிறோம்: நாள் முழுதும் மூடிக்கிடந்தாலும் வளிமண்டலத்துக்கு மேலே வந்து சேரும் கதிர்வீச்சில் கால் பங்கு தரைக்கு வரும், நாள் முழுதும் வெயில் அடித்தால் முக்கால் பங்கு வரும். நம் அட்சரேகையில் வளிமண்டலத்துக்கு மேலே வருவது ஏப்ரலில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 38 மெகாஜூல், டிசம்பரில் 30க்குச் சற்று மேல். ஆகவே சித்திரை வெயிலில் 28 வரை கிடைக்கும் இடத்தில், கார்த்திகை அடைமழை நாளில் 8கூடத் தேறாமல் போகலாம். ஒரே வயல், ஒரே நெல், மூன்றரை மடங்கு வித்தியாசம்.

இன்று அட்டையின் இடத்தில் இந்தியாவின் இன்சாட் வானிலைச் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. 2013இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி, 2016இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர், 2024இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகியவை புவிநிலைச் சுற்றுப்பாதையில், ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் நம் தலைக்கு மேலேயே நின்று அரைமணிக்கு ஒரு படம் எடுக்கும்படி அமைக்கப்பட்டவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தில் மேகம் வெளுப்பாகவும் நிலம் கறுப்பாகவும் தெரியும். ஒவ்வோர் இடமும் மேகமற்ற நாளில் எவ்வளவு கறுப்பாக இருக்கும் என்பதை முந்தைய வாரங்களின் படங்களிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டு, இந்த அரைமணியில் அது எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்த்தால், மேகம் எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்பியது என்று மதிப்பிடலாம். மேலே திரும்பியது போக, நீராவியும் தூசியும் உறிஞ்சியது போக, மீதம் தரைக்கு. இந்த வகையில் கணக்கிடப்பட்ட தரவுகளை அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மோஸ்டாக் தளத்தில் பதிவு செய்துகொண்டு எடுக்கலாம்.

நாளுக்கு ஒரே முறை கடந்துபோகும் செயற்கைக்கோளால் இந்த வேலையைச் செய்ய முடியாது. புரட்டாசியில் காலை பத்தரைக்குப் பளிச்சென்று இருக்கும் வானம் மூன்று மணிக்கு இடிமேகத்தால் மூடிக்கொள்வது நமக்குப் பழக்கம். பத்தரைக்குப் படம் எடுத்தவன் அன்றைக்கு நல்ல வெயில் என்று எழுதிவிட்டுப் போய்விடுவான். இன்னொரு வழி, நாசாவின் பவர் தளம். பதிவு எதுவும் தேவையில்லை, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் 1980களிலிருந்து நாள்வாரியாகக் கதிர்வீச்சு கிடைக்கும். நான் தொடங்கியது அதில்தான். ஆனால் அதன் கதிர்வீச்சுக் கட்டம் ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி. 79க்கும் 80க்கும் இடைப்பட்ட தீர்க்கரேகை, 10க்கும் 11க்கும் இடைப்பட்ட அட்சரேகை என்ற ஒரே பெட்டிக்குள் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் நான்கும் அடங்கிவிடுகின்றன. நாகையில் மழை கொட்டும்போது தஞ்சையில் துணி காயப்போட்டிருப்பார்கள் என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. மாதச் சராசரிக்கு அது போதும், இந்த வாரம் மடை திறப்பதா என்ற கேள்விக்குப் போதாது.

வெயில் இவ்வளவு வந்தது என்று தெரிந்துவிட்டால் ஆவியாதல் தெரிந்துவிடுமா என்றால், இல்லை. நிலத்தில் நின்ற ஆற்றல் மூன்று பேருக்குப் பங்கு பிரிகிறது. ஒரு பங்கு மண்ணைச் சூடாக்குகிறது, ஒரு பங்கு காற்றைச் சூடாக்குகிறது, மிச்சம்தான் நீரை ஆவியாக்குகிறது. செயற்கைக்கோள் ஆவியாதலை அளக்கிறது என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். எந்தச் செயற்கைக்கோளும் அதை நேராக அளப்பதில்லை. அது பார்ப்பது ஒளியையும் சூட்டையும். நிலம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதிலிருந்து காற்றுக்கு எவ்வளவு வெப்பம் போகிறது என்று ஊகித்து, மண்ணுக்குப் போனதையும் ஊகித்து, இரண்டையும் கழித்து, மிஞ்சியதை ஆவியாதல் என்று எழுதுகிறோம். கழித்தல் கணக்கின் இயல்பு என்னவென்றால், மேலே எந்த வரியில் பிழை நேர்ந்தாலும் அது மிச்சத்தின் தலையில் வந்து விடியும்.

அது என் தலையில் எப்படி விடிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1998இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பாஸ்டியான்சனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட செபால் என்ற முறையில், காற்றின் வெப்பநிலையைத் தனியாக அளக்க வேண்டியதில்லை. படத்திலேயே மிகக் குளிர்ந்த ஈரமான ஓர் இடத்தையும் மிகச் சூடான வறண்ட ஓர் இடத்தையும் தேர்ந்துகொள்ள வேண்டும். குளிர்ந்த இடத்தில் ஆற்றல் முழுவதும் நீரை ஆவியாக்குகிறது, சூடான இடத்தில் ஆவியாதல் சுழி என்று வைத்துக்கொண்டு, மற்ற இடங்களை இந்த இரு முனைகளுக்கும் நடுவே அவற்றின் வெப்பநிலைக்கேற்ப நிறுத்துவதே முறை. மேட்டூர் திறந்த நீர் இன்னும் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேராத ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுத்த படம் ஒன்றை எடுத்தேன். குளிர்ந்த முனைக்குத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து வாழைத் தோட்டம் கிடைத்தது. சூடான முனைக்கு, படத்தில் எல்லாவற்றையும்விடச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்த கொள்ளிடத்து மணலைத் தேர்ந்தேன். விடை வந்தது: தண்ணீரைக் கண்டு மூன்று மாதமான எங்கள் ஊர்த் தரிசு வயல்கள் நாளொன்றுக்கு 3 மி.மீ. நீரை ஆவியாக்கிக்கொண்டிருந்தன! வெடிப்பு விட்டுக் கிடந்த வயலில் நின்றுகொண்டு கைப்பேசியில் அந்த எண்ணைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிழை மணலில் இருந்தது. உலர்ந்த ஆற்று மணல் காய்ந்த வயலைவிடச் சில டிகிரி கூடுதலாகவே கொதித்தது; அதோடு அது வெளுப்பு, ஆகவே வெயிலை அதிகம் எதிரொளிப்பதால் அதில் நிற்கும் ஆற்றலும் வயலில் நிற்பதைப்போல் இல்லை. அதைச் சுழி முனையாக வைத்த உடனே, அதைவிடச் சற்றே குளிர்ந்த தரிசு வயல்கள் எல்லாம் "ஈரமானவை" என்ற பக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டன. வல்லத்து மேட்டுநிலத்தில் உழாமல் கிடந்த ஒரு புன்செய்க்கு முனையை மாற்றியதும் எங்கள் தரிசின் ஆவியாதல் அரை மில்லிமீட்டருக்கும் கீழே வந்தது. பயிர் நிலத்தின் கணக்குக்குப் பயிர் நிலத்தையே முனையாக வைக்க வேண்டும் என்று இந்த முறையைக் கையாள்பவர்கள் எழுதியிருப்பதை நான் படித்திருந்தேன், படித்தும் மணலைத் தேர்ந்தேன். டெல்டாவின் சிக்கல் இதிலேயே இருக்கிறது. ஜூனில் எல்லாம் வறண்டு கிடக்கும், குளிர்ந்த முனை அரிது. நடவு முடிந்துவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் நிற்கும், சூடான முனையே கிடைக்காது. அதனால் குறுவை நடுவே எனக்கு இந்த முறை பெரிதாகப் பயன்படவில்லை. உணவு வேளாண்மை அமைப்பு 1998இல் வெளியிட்ட பென்மன்-மான்டீத் வழியில் கதிர்வீச்சு, வெப்பநிலை, ஈரப்பதம், காற்று நான்கையும் கொண்டு புல்வெளிக்கான அளவைக் கணக்கிட்டு, அதை நெல்லின் பருவத்துக்கேற்ற கெழுவால் (நடுப்பருவத்தில் 1.20 வரை) பெருக்குவதுதான் நம்பகமாக இருந்தது. செயற்கைக்கோளின் வெப்பப் படத்தை, எந்த வயல் தன் அக்கம்பக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது என்று பார்க்க மட்டும் வைத்துக்கொண்டேன்.

அதிலும் வயலின் அளவு குறுக்கே வருகிறது. நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் எட்டு நாள் ஆவியாதல் தரவில் ஒரு பிக்சல் 500 மீட்டர். அதாவது 25 ஹெக்டேர், நம் கணக்கில் ஒன்பது வேலிக்கும் மேல் (ஒரு வேலி இருபது மா). எங்கள் ஊரில் ஒன்பது வேலிக்குள் முப்பது குடும்பங்களின் வயல், இரண்டு தென்னந்தோப்பு, ஒரு குளம், ஓர் ஐயனார் கோயில் எல்லாம் வந்துவிடும். லேண்ட்சாட் 8, 9 இரண்டிலும் ஒளிப் படம் 30 மீட்டர், ஒரு மாவுக்கு ஒன்றரைப் பிக்சல், நன்று. ஆனால் வெப்பப் படத்தின் உண்மையான நுணுக்கம் 100 மீட்டர்தான். 30 மீட்டராக வெட்டித் தருகிறார்களே ஒழிய புதிய தகவல் அதில் இல்லை. 100 மீட்டர் பிக்சல் ஏழு மாவுக்கும் சற்று மேல். எங்கள் ஒன்பது மா வாய்க்காலுக்கு வாக்காக நீளவாட்டில் கிடப்பதால் ஒரு வெப்பப் பிக்சல்கூட முழுமையாக அதற்குள் விழுவதில்லை. மேற்கே பங்காளியின் உளுந்தும் கிழக்கே சாலையோரத்துப் புளியமரங்களும் எங்கள் வெப்பநிலையில் கலந்துவிடுகின்றன.

தேங்கிய நீரும் ஒரு வேடிக்கை செய்கிறது. பெரும்பாலான முறைகள் மண்ணுக்குப் போகும் வெப்பத்தை நிகரக் கதிர்வீச்சில், அதாவது நிலத்தில் நின்ற ஆற்றலில், ஒரு சிறு பங்காக வைத்துவிடுகின்றன. நெல் வயலில் மண்ணுக்கு மேலே 5 செ.மீ. நீர் நிற்கிறது. விடியற்காலைக்கும் படம் எடுக்கப்படும் பத்தரை மணிக்கும் இடையில் அந்த நீர் 8 டிகிரி சூடேறினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.7 மெகாஜூலை விழுங்கியிருக்கும். மிச்சக் கணக்கில் அதைக் கழிக்க மறந்தால் அதுவும் ஆவியாதலின் பெயரில் ஏறிவிடும். இரவில் அந்தச் சூடு திரும்ப வருவதால் முழு நாள் கணக்கில் இது பெரும்பாலும் நேராகிவிடும். ஒரே ஒரு கணத்தின் படத்தை வைத்து நாள் முழுதையும் ஊகிக்கும்போதுதான் ஏமாற்றும், அதுவும் நாற்று நட்டு இலை மூடாத முதல் மூன்று வாரங்களில்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மாதத்தில் மேற்கேயிருந்து வரும் உலர்ந்த காற்று, காய்ந்த நிலங்களின் சூட்டைச் சுமந்துகொண்டு வந்து முன்னதாக நட்ட வயல்களின் மேல் வீசுகிறது. அப்போது அந்த வயலில் ஆவியாகும் நீர், அங்கே விழுந்த வெயில் தூக்கக்கூடிய அளவையும் மீறலாம். வெயிலை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் எளிய சூத்திரங்கள் இந்த மாதத்தில் குறைத்தே சொல்லும். காற்றைச் செயற்கைக்கோள் தரையில் வந்து பார்ப்பதில்லை. அருகிலுள்ள வானிலை நிலையத்தின் எண்ணையோ வானிலை மாதிரியின் எண்ணையோதான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

சம்பா, தாளடி பற்றிக் கேட்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெப்பப் படம் கிடைப்பது அபூர்வம். லேண்ட்சாட் இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒரு முறை வந்தாலும், வரும் நாளில் மேகம் விலகியிருக்க வேண்டுமே! ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தை ஊடுருவும். எங்கே நடவு முடிந்தது, எங்கே பயிர் மூழ்கியது என்று காட்டும், ஆனால் சூட்டைக் காட்டா. அதனால் அந்த மாதங்களில் நான் ஆவியாதல் கணக்கை விட்டுவிட்டு வெயில் கணக்கை மட்டும் வைத்துக்கொள்கிறேன், ஏனெனில் அப்போது பிரச்சினை தண்ணீர் போவது அன்று, வெயில் வராததுதான். தொண்டைக்கதிர் முதல் பால் பிடிக்கும் வரை வெயில் குறைந்தால் மணி குறைந்து பதர் கூடும். எங்கள் வீட்டில் நல்ல உரம் போட்டும் கண்டுமுதல் குறைந்த ஓர் ஆண்டின் நவம்பர் மாதத்தை எடுத்துப் பார்த்தேன். பூக்கும் தறுவாயில் பதினோரு நாட்கள் தொடர்ந்து 12 மெகாஜூலுக்குக் கீழே இருந்திருக்கிறது. அந்த ஆண்டு முழுதும் விதைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

இனி மூங்கில் முளைக்கு வருகிறேன். கணக்கைச் சரிபார்க்கத் தரையில் ஏதாவது வேண்டும் என்று வீட்டுக் கொல்லையில் ஓர் ஆவியாதல் தொட்டியும் வைத்திருந்தேன். வானிலை நிலையங்களில் உள்ளது 120.7 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. ஆழமும் கொண்ட வட்டத் தொட்டி. என்னுடையது அதே அளவுக்குத் தகரத்தில் அடிக்கச் சொன்னது. அங்கே தொட்டியின் மேல் கம்பிவலை போட்டிருப்பதன் காரணம், முதல் வாரத்திலேயே ஒரு நாள் 19 மி.மீ. ஆவியாகிப் பக்கத்தில் எங்கள் பசு நின்றுகொண்டிருந்தபோது புரிந்தது. வலை போட்ட பிறகு தொட்டியின் அளவை வழக்கமான 0.7ஆல் பெருக்கியதும், இன்சாட் கதிர்வீச்சைக் கொண்டு போட்ட புல்வெளிக் கணக்கும் பெரும்பாலான நாட்களில் அரை மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போயின.

அந்த மூன்று நாட்களுக்கு நெல்லுக்கான கணக்கு 6.1, 5.7, 6.2. கூட்டினால் 18 மி.மீ. ஸ்கேல் காட்டியது 33. மிச்சம் 15, நாளொன்றுக்கு 5 மி.மீ., அதாவது ஐந்து லாரி. என் ஆவியாதல் கணக்கில் 15 விழுக்காடு பிழை இருந்தாலும் இந்த 5 என்பது 4 ஆகுமே ஒழிய 2 ஆகாது. நன்றாகச் சேறடித்த எங்கள் களிமண்ணுக்கு இது அதிகம். பெரியப்பாவிடம் இம்முறை எண்ணைச் சொல்லாமல், "மண்ணு இவ்வளவு குடிக்காது பெரியப்பா, வேற எங்கேயோ போகுது" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் மேற்கு வரப்பை ஒட்டிக் காலால் துழாவிக்கொண்டே நடந்தார். பாதி தூரத்தில் நின்று, குனிந்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டார். நண்டு வளை. அடுத்த பத்தடிக்குள் இன்னும் இரண்டு. வளையின் மறுவாய் பங்காளி வயலில் திறந்திருந்தது. அவர் உளுந்து ஓரமாக ஈரமாகவே இருப்பதன் காரணமும் சேர்ந்து தெரிந்தது.

"எத்தனை வருஷமாடா அவனுக்கும் சேர்த்து மோட்டார் போட்டுக்கிட்டிருக்கோம்?" என்றார். அதற்குச் செயற்கைக்கோளிடம் பதில் இல்லை. வைக்கோலும் களியும் குழைத்து மூன்று வளைகளையும் அடைத்து, வரப்பை அண்டைகட்டி மிதித்துவிட்டு, மறுபடி மடையை மூடி மூன்று நாட்கள் பார்த்தோம். வெயில் ஏறக்குறைய முன்போலத்தான் இருந்தது. ஸ்கேலில் நீர் 24 மி.மீ. இறங்கியிருந்தது.